பார்க்கிங் வரைக்கும் பார்த்த தமிழ்நாடு

டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவனுக்குத் தமிழ்நாட்டில் தெரியாத ஊர் கிடையாது. தெரிந்த ஊர் எதையும் அவன் பார்த்ததும் கிடையாது.

என்னைப் போல ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிழைக்கிற சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலோ, கோட்டையோ, அருவியோ, வண்டி நின்றதும் பதிமூன்று பேர் இறங்குவார்கள். இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "அண்ணே, பையெல்லாம் உள்ளதான் இருக்கு, பாத்துக்கங்க. செருப்பு சீட்டுக்கடியில இருக்கு. மாமாவுக்கு முட்டி வலி, அவரு வண்டியிலயே இருப்பாரு, கொஞ்சம் பேச்சுக் குடுத்துட்டிருங்க." அவர்கள் உள்ளே போவார்கள். நான் செருப்புக்கும் மாமாவுக்கும் காவல் இருப்பேன். நடுவில் ஒரு போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, வண்டியை நகர்த்தச் சொல்வார். நகர்த்திவிட்டுக் கண்ணை மூடினால், போனவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டுவார்கள்.

நான் வையம்பட்டிக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். அடி வாங்கி, திட்டு வாங்கி, கடைசியில் சொந்தமாக ஒரு வேன் வாங்கி, ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் வாடகை வீட்டுக்குக் குடிவந்தேன். பேரம் பேசாமல் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்கியதில்லை. கோபம் மட்டும் பேரமே இல்லாமல் வரும்.

பதினெட்டு வருஷம் ஓட்டியாகிவிட்டது. என் மனைவி மல்லிகா, நான் தமிழ்நாடு முழுவதையும் பார்த்தவன் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அதற்குக் காரணம் நான்தான். டிரிப் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், "இன்னைக்கு என்னங்க பாத்தீங்க?" என்று கேட்பாள். "பார்க்கிங்" என்று எந்த ஆம்பளை சொல்வான்? அளந்துவிடுவேன். அவளும் வாயைப் பிளந்து கேட்பாள். அவள் எங்கேயும் போனதில்லை. வேனில் ஒரு நாளும் சீட் காலியாக இருந்ததில்லை. "நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதானே" என்று சொல்லிவிடுவாள். இந்தப் புளுகு என்றைக்காவது உடைந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம் மட்டும் எனக்கு உள்ளே இருந்துகொண்டே இருந்தது. போன மாசம் உடைந்தது. அதற்கு முன்னால் வாங்கிய சில்லறை அடிகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிடித்த இடம்

புத்தூரிலிருந்து ஒரு குடும்பம். மூன்று நாள், ஏழு ஊர். முன் சீட்டில் அந்த வீட்டு மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். கல்லணை தாண்டுவதற்குள் கேட்டுவிட்டார்: "அண்ணே, இத்தனை வருஷமா சுத்துறீங்களே, தமிழ்நாட்டுலயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?"

யோசிக்கவே இல்லை. "தாராசுரம்" என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கரெக்ட்ணே! ஏன் பிடிக்கும்?" என்றார். "பெரிய புங்க மரம் ஒண்ணு இருக்கு. மூணு வண்டி தாராளமா நிக்கலாம். பக்கத்துலயே குழாய், எதிர்ல டீக்கடை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "அங்க கல்லுலயே தேர் மாதிரி மண்டபம் இருக்கே, குதிரையெல்லாம் பூட்டி?" என்றார். "தேரெல்லாம் உள்ள விட மாட்டாங்க தம்பி. பெரிய வண்டி எதுவா இருந்தாலும் வெளியிலதான் நிக்கணும்" என்றேன். மனுஷன் விடவில்லை. ரெண்டாவது பிடித்த இடம் கேட்டார். குற்றாலம் என்றேன், ரிவர்ஸ் எடுக்க அவ்வளவு வசதி. மூன்றாவது கன்னியாகுமரி, அங்கே அடிக்கிற காற்றுக்குத் தார்ப்பாய் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

பின் சீட்டிலிருந்து அவருடைய மாமியார் குரல் கொடுத்தார்: "விடுங்க மாப்ள, அவரத் தொந்தரவு பண்ணாதீங்க. நாம கோயில் பாக்க வந்திருக்கோம், அவரு மரம் பாக்க வந்திருக்காரு!"

நிழல்

மரம் என்றதும் ஞாபகம் வருகிறது. சிதம்பரத்தில் ஒரு பார்க்கிங். பொட்டல் மைதானம், நடுவில் ஒரே ஒரு வேப்ப மரம். காலை ஒன்பது மணிக்கு மரத்துக்கு மேற்குப் பக்கம் நல்ல நிழல். நானும் ஒரு மதுரை வண்டியும் ஒரே நேரத்தில் மூக்கை நுழைத்தோம். நான் இறங்கிவிட்டேன். நிழல் முதலில் வந்தவனுக்கு என்றேன், என் வண்டி பெரிசா உன் வண்டி பெரிசா பார் என்றேன், சட்டைக் கையை மடித்துவிட்டேன், கையிலிருந்த தண்ணி பாட்டிலைத் தரையில் அடித்தேன். அரை மணி நேரம் தொண்டை வற்றக் கத்தினேன். மதுரைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, மரத்துக்குக் கிழக்கே வெயிலில் போய் வண்டியை நிறுத்தினார். ஜெயித்த களைப்பில் சீட்டைச் சாய்த்துப் படுத்தேன்.

ரெண்டு மணிக்கு முழித்தால் உடம்பெல்லாம் வேர்வை. வண்டி அடுப்பு மாதிரி கொதிக்கிறது. நிழலைக் காணோம். பார்த்தால், நிழல் மெதுவாக நகர்ந்து மதுரை வண்டி மேல் போய்ப் படுத்திருக்கிறது. அவர் உள்ளே காலை நீட்டி வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சூரியன் மேல்தான் காட்ட வேண்டும். என்னைப் பார்த்ததும் அவர் ஒரு பிஞ்சை நீட்டினார்: "சாப்புடுங்கண்ணே. நிழலு மத்தியானம் இங்கிட்டுத்தான் வரும்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா நீங்க கத்துனது கேக்க நல்லா இருந்துச்சு, அதான் குறுக்க பேசல."

பதினொன்று

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி மாமா ஒருவர், ரிட்டயரான கணக்கு வாத்தியார். குடும்பத்தோடு திருநாங்கூர் திவ்யதேசங்கள் பதினொன்றையும் ஒரே நாளில் சேவிக்க வேண்டும் என்றார். வாடகையை அவர் கேட்கக்கூட இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் எண்ணிக்கையில் நான் விடவில்லை. "பன்னெண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்க சாமி. எட்டுதான் முடியும்" என்றேன். "பதினொண்ணு" என்றார். "சரி, ஒம்பது." "பதினொண்ணு." "பத்து. இதுக்கு மேல பேச்சே இல்ல." மாமா காதைப் பொத்திக்கொண்டார். "ஓய், பெருமாள்ல பேரம் பேசறீரே! எந்தப் பெருமாளைத் தள்ளச் சொல்றீர்?" பதினொன்றுக்கே ஒத்துக்கொண்டேன். விடிவதற்கு முன்னால் கிளம்பினோம்.

பட்டர் ஒருவர் சாவிக் கொத்தோடு டூவீலரில் முன்னால் பறக்க, நான் பின்னால் பறந்தேன். திரும்பும்போது வண்டிக்குள் ஒரே ரகளை. மாமா பத்துதான் ஆயிற்று என்கிறார். மாமி பதினொன்று என்கிறார். சம்பந்தி பன்னிரண்டு என்கிறார். தீர்த்தத்தை வைத்து எண்ணினார்கள், துளசியை வைத்து எண்ணினார்கள், ஒத்து வரவில்லை. மாமா கிட்டத்தட்ட அழுதுவிட்டார். ஒரு பெருமாளை விட்டுவிட்டு எப்படி வீட்டுக்குப் போவது? என்னால் தாங்க முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னேன்: "சாமி, நான் சொல்றேன் எண்ணிக்கங்க. முதல்ல வைக்கப்போர். ரெண்டாவது அடிபம்பு. மூணாவது ஒரு எருமை, ஹாரன் அடிச்சும் நகரல. நாலாவது டயர் சேத்துல இறங்குச்சு. அஞ்சாவது ஒரு அம்மா, வடகம் காயுது வண்டிய எடுன்னு சண்டைக்கு வந்தாங்க. ஆறாவது குட்டிச்சுவரு. ஏழாவது டிரான்ஸ்பார்மர். எட்டாவது மறுபடி அதே எருமை." மாமா குறுக்கிட்டார்: "அதே எருமைன்னா அதே கோயில்னா?" "இல்ல சாமி, அது குறுக்கால நடந்து வந்துடுச்சு. கொம்பு உடைஞ்ச எருமை, எனக்குத் தெரியாதா? ஒம்பதாவது ரைஸ்மில். பத்தாவது வாய்க்கா மதகு. பதினொண்ணாவது இடமே இல்லாம ரோட்லயே நின்னேன்."

விரல் விட்டு எண்ணிய மாமாவுக்கு உயிர் வந்தது. மாமி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்: "ஏன்னா, பதினோரு பெருமாளைச் சேவிச்சவா நாம. ஆனா கணக்குக்குச் சாட்சி சொல்ல அந்த எருமைன்னா வர வேண்டியிருக்கு!"

யாரும் போகாத இடம்

துவாக்குடியில் என்ஜினியரிங் படிக்கிற பையன்கள் பன்னிரண்டு பேர். எந்த ஊர் சொன்னாலும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஊட்டியா, எல்லாரும் போவாங்க. ஏற்காடா, எல்லாரும் போவாங்க. "அண்ணா, யாருமே போகாத இடமா வேணும்" என்றார்கள். யாரும் போகாத இடத்தில் டீ கிடைக்காது, கக்கூஸ் இருக்காது, சம்மதமா என்று கேட்டேன். அதுதான் வேண்டும் என்றார்கள். ரெண்டு மணி நேரம் ஊர் ஊராகச் சொல்லி வாய் வலித்து, கோபம் தலைக்கேறி, வண்டியை நேராக வையம்பட்டிக்கு விட்டேன். என் மச்சான் தங்கராசு அங்கே விவசாயம் பார்க்கிறான். அவன் வயலில் ஒரு மோட்டார் ரூம், ஒரு தொட்டி, ஒரு கருவேல மரம். "இந்தாங்க, இங்க எவனும் வந்ததில்ல. நல்லாப் பாருங்க" என்று இறக்கிவிட்டேன். திட்டுவார்கள் என்று பார்த்தால், பையன்கள் குதித்தார்கள். தொட்டியில் குளித்தார்கள். மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்தார்கள். சூரியன் மறைகிற வரைக்கும் கிளம்பவில்லை.

அந்தப் போட்டோக்களை எங்கே போட்டார்களோ, என்ன எழுதினார்களோ தெரியாது. அடுத்த மாசம் தங்கராசு போன் பண்ணினான். அவன் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது: "மாப்ள, ஞாயித்துக்கிழம ஆனா காருல வர்றாய்ங்க. நேத்து ஒரு குடும்பம் வந்து, மோட்டார் ரூமுக்கு டிக்கெட் எங்க வாங்கணும்னு கேக்குது. நான் குடுக்கவா, வேணாமா?"

வெண்ணெய்

உள்ளே போகாமலே உள்ளே இருப்பதைச் சொல்கிற வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பாஷா பாய். அவரும் வேன் ஓட்டுகிறவர்தான். ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்து வண்டி அவருடையது. "உள்ள போனவன் ஒரு மணி நேரம் பாத்தத, திரும்பி வர்றப்ப மூணு மணி நேரம் பேசுவான். காதத் தொறந்து வெச்சாப் போதும் தம்பி" என்பார். நானும் காதைத் திறந்து வைத்தேன். கேட்டதை வீட்டில் போய் மல்லிகாவிடம் பார்த்ததாகச் சொன்னேன். பெரும்பாலும் பிசகியதில்லை.

ஒரு தடவை மகாபலிபுரம். திரும்பும்போது பின்னால் ஒரே பேச்சு: கிருஷ்ணரோட வெண்ணெய் உருண்டை, எவ்வளவு பெரிசு, எப்படித்தான் உருளாம நிக்குதோ. இதை வீட்டில் வந்து சொன்னேன்: "அங்க கிருஷ்ணருக்கு வெண்ணெயை மலை மாதிரி உருட்டி வெச்சிருக்காங்க." மல்லிகா கண் விரிய, "பிரசாதமா குடுத்தாங்களா?" என்றாள். குடுத்தார்கள் என்றேன். "எனக்குக் கொண்டாரலையா?" என்று முகம் வாடிவிட்டாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த தடவை மகாபலிபுரம் போய்விட்டு வரும்போது, நம்ம ஸ்ரீரங்கத்துக் கடையிலேயே கால் கிலோ வெண்ணெய் வாங்கி, வாழை இலையில் மடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அது பாறை என்று பாஷா பாய் சொல்லி எனக்குத் தெரிய வந்தது அதற்கும் ரெண்டு நாள் கழித்து. அதற்குள் அவள் தெரு முழுக்கக் கொடுத்து முடித்துவிட்டாள். வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நம்ம ஊர்லயும்தான் விக்கிறான் வெண்ணெய்னு. மகாபலிபுரத்து வாசன அதுல வருமா சொல்லுங்க!"

கட்டில்

இனிமேல் வருவதுதான் பெரிய அடி.

நாலு வருஷத்துக்கு முன்னால் வாத்தியார்கள் கூட்டம் ஒன்றைப் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போனேன். நான் வழக்கம்போல அடிவாரத்தில். திரும்பும்போது அவர்கள் பேச்சு: "சமணர் படுக்கை பாத்தீங்களா, என்ன வழவழப்பு! தலகாணி வரைக்கும் வெச்சிருக்கான் சார், அந்தக் காலத்துலயே!" படுக்கை, தலகாணி, வழவழப்பு. இது போதாதா? மல்லிகாவிடம் சொன்னேன், மலை உச்சியில் ஒரு கட்டில் இருக்கிறது என்று. தேக்கா என்றாள். தேக்கு என்றேன். மெத்தை இருக்கா என்றாள். இலவம் பஞ்சு என்றேன். "மலை மேல கொசு கடிக்காதா?" என்றாள். கொசுவலை கட்டியிருக்கிறது என்றேன். எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு தடவை வாயை விட்டுச் சொன்னதிலிருந்து நான் என்றைக்கு இறங்கியிருக்கிறேன்?

போன மாசம் எங்கள் தெரு மகளிர் குழு ஒரு டூர் போக முடிவு பண்ணியது. குழுத் தலைவி சரோஜா அக்கா வீட்டுக்கே வந்தார். "தம்பி, ஞாயித்துக்கிழம வண்டி வேணும். பதிமூணு பேரு. மல்லிகாவும் வர்றா. சித்தன்னவாசல்தான் போறோம். அந்தக் கட்டிலப் பாக்கணும்" என்றார். பக்கத்தில் மல்லிகா, கல்யாணப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் வண்டியில் அவளுக்கு ஒரு சீட். நான் கொல்லைப் பக்கம் போய் பாஷா பாய்க்குப் போன் போட்டேன். "கட்டிலா? பாறையப் படுக்க மாதிரி செதுக்கி வெச்சிருக்காங்க தம்பி. தலகாணியும் பாறைதான்" என்றார். 

திரும்பி வந்து என் ஆயுசில் செய்யாத காரியத்தைச் செய்தேன். "சித்தன்னவாசல் எதுக்குக்கா, ஒரே வெயிலு. வேளாங்கண்ணி போகலாம்" என்றேன். வேண்டாம் என்றார். தஞ்சாவூரும் கும்பகோணமும் சேர்த்துக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "சரி, கொடைக்கானல். ரெண்டு நாள். சித்தன்னவாசல் வாடகையே குடுங்க, போதும்." சரோஜா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பினார்: "மல்லிகா, உன் வீட்டுக்காரரு தானா இறங்கி வர்றாரு. உடம்புக்கு ஏதும் முடியலையா, என்னன்னு முதல்ல பாரு!"

ஏழு படி

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினேன். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் வண்டியப் பாத்துக்கிறேன்" என்று தினசரி பாடத்தை ஒப்பித்தேன். ரெண்டு அம்மாக்கள் முட்டி வலி என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். "அவங்க பாத்துப்பாங்க. நீங்கதான எங்களுக்குக் காட்டணும்" என்றாள் மல்லிகா. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார்கள். தைரியமாக வலது பக்கம் கையைக் காட்டி முன்னால் நடந்தேன். பதினோரு பெண்பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். ஐந்து நிமிஷம் நடந்ததும் கழிப்பறை வந்தது. அதோடு பாதை முடிந்துவிட்டது. "இடது பக்கம்னு இவ்ளோ பெரிய போர்டு வெச்சிருக்கானே தம்பி" என்றார் சரோஜா அக்கா. மல்லிகா ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

பாறை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். பாறையிலேயே ஏழு படி வெட்டி, ஓரமாகக் கம்பி போட்டிருக்கிறார்கள். கீழே பார்த்தால் ஊரே சின்னதாகத் தெரிகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவை ஒரு கையால் ஒடித்து ஏறுகிறவன் நான்.  அங்கே கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

உள்ளே குகை மாதிரி இடம். தரையெல்லாம் பாறையை இழைத்து வரிசையாகப் படுக்கை. தலை வைக்கிற இடத்தில் கொஞ்சம் மேடு. காவலுக்கு ஒரு பெரியவர். சரோஜா அக்கா நாலு பக்கமும் தேடிவிட்டு அவரிடம், "அந்தக் கட்டில் எங்கங்க?" என்றார். "கட்டிலா? இதாம்மா படுக்க" என்றார் அவர். "இது இல்லைங்க, தேக்குக் கட்டிலு. இலவம் பஞ்சு மெத்த, கொசுவலையெல்லாம் போட்டது." பெரியவர் மெதுவாக, "கொசுவலையா?" என்று கேட்டார். பதினோரு தலையும் என் பக்கம் திரும்பின. மாட்டிக்கொண்டவன் சும்மா இருந்திருக்கலாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கய்யா கட்டிலு? நாலு வருஷத்துக்கு முன்னாடி இங்கதான இருந்துச்சு! எங்க கொண்டுபோய் வெச்சீங்க?" என்று அந்த மனுஷன் மேல் பாய்ந்தேன். அவர் பதறவே இல்லை. "நான் பத்து வருஷமா இங்க இருக்கேன் தம்பி. அதுக்கு முன்னாடி ரெண்டாயிரம் வருஷமா இதுவும் இப்படியேதான் இருக்கு" என்றார். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது எல்லாரையும் தொற்றிக்கொள்வதற்குள் மல்லிகா குறுக்கே வந்தாள். "அவரு இருந்துச்சுன்னா இருந்துச்சுதான்க்கா. யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க. வாங்க, குகைக்கோயில்ல வரைஞ்சிருக்கிற படத்தப் பாக்கப் போவோம்" என்றாள். சொன்னவள் என் பக்கம் திரும்பவில்லை. கடைசியாகக் கிளம்பும்போது குனிந்து அந்தக் கல் தலகாணியை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்தாள்.

திரும்பும்போது முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். பின்னால் அந்தாக்ஷரி ஓடிக்கொண்டிருந்தது. கீரனூர் தாண்டியதும், ரோட்டைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள். "தஞ்சாவூரு?" "பார்க்கிங்." "கன்னியாகுமரி?" "காத்து நல்லா வரும். கடல் சத்தம் கேக்கும்." "ஊட்டி?" "குளிரும். கண்ணாடிய ஏத்திவிட்டுட்டுத் தூங்கிருவேன்."  அப்புறம், "நீங்க சொன்னதத்தான் நானே போய்ப் பாத்த மாதிரி நெனச்சிட்டிருந்தேன். எங்க அக்காகிட்ட, தங்கச்சிகிட்ட எல்லாம் அப்படித்தான் சொல்லிருக்கேன். இப்ப எனக்கு ஒரு ஊரும் இல்லாமப் போச்சுல்ல?" என்றாள்.   திருச்சி வந்துவிட்டது. காவிரிப் பாலம் ஏறியதும் மலைக்கோட்டை தெரிந்தது. அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் கியரை மாற்றினேன். "அடப் பாவி மனுஷா, அதுவுமா?" என்றாள்.

"கீழ வண்டி நிறுத்த இடமே இல்ல மல்லிகா" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். அதுதான் சமயம் என்று பேரத்தை ஆரம்பித்தேன். இனிமேல் வருஷத்துக்கு ஒரு ஊர், ரெண்டு பேரும் உள்ளேயே போய்ப் பார்ப்போம் என்றேன். சரி, வருஷத்துக்கு ரெண்டு என்றேன். மூன்று என்றேன். நானே ஏற்றிக்கொண்டு போகிறேன், எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை இல்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "வர்ற செவ்வாக்கிழம மலைக்கோட்டையிலேருந்து ஆரம்பிப்போம். வேன் வேணாம், ஒண்ணாம் நம்பர் பஸ்ல போவோம்; பஸ்ஸுக்குத்தான் நீங்க காவல் இருக்க வேணாம்."

தமிழ்நாட்டில் பார்க்க வேண்டிய இடங்கள் நிறையவே இருக்கின்றன. வண்டியை விட்டு இறங்கினால்தான் பார்க்க முடியும் என்பதுதான் அவை ஒவ்வொன்றிலும் இருக்கிற ஒரே கோளாறு.